வீட்டில் மனநல நெருக்கடி: போலீஸ், 108, ஜி.எச். பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 16 வருடமாக மாத்திரை, ஊசி, நடுவில் நல்ல காலம், நடுவில் கெட்ட காலம் என்று ஓடுகிறது. எங்கள் ஊரில் இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறோம். அங்கே கேட்கிற கேள்விகளும், ராத்திரி போனில் அழுதுகொண்டே கேட்கிற கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கீழே "சட்டம்" என்று எங்கு வந்தாலும் அது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-ல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் பொது.

அக்கா, இது ஆஸ்பத்திரி விஷயம்தானே? இதுல போலீஸ் எதுக்கு?

பெரும்பாலான நேரம் வேண்டியதே இல்லை. அவர் கூப்பிட்டால் வருகிற நிலையில் இருந்தால் ஆட்டோ பிடித்து நேரே ஜி.எச். போய்விடுங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.

இரண்டு நிலைமைகளில் மட்டும் சட்டத்தின் 100-வது பிரிவு போலீஸை உள்ளே கொண்டுவருகிறது. ஒன்று, மனநோயால் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் ஒருவர் தெருவில் அலைவது. இன்னொன்று, மனநோயால் அவர் தன் உயிருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்தாக இருப்பது. இந்த இரண்டிலும் அவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. அவர் மனம் வைத்துச் செய்கிற உதவி என்று நினைத்துத் தயங்க வேண்டாம். இந்தக் கடமை தெருவோடு நிற்பதும் இல்லை. இரண்டாவது நிலைமைக்கு "ஸ்டேஷன் எல்லைக்குள் இருக்கும் எவரும்" என்றுதான் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குள் நடப்பதும் அதில் அடங்கும்.

ராத்திரி 11 மணிக்குக் கத்திட்டு, கையில கெடைச்சதை எடுத்து வீசறான். முதல்ல எந்த நம்பர்?

கையில் ஆயுதம் இருந்தாலோ, யாராவது அடிபடுவார்கள் என்று தோன்றினாலோ 100 அல்லது 112. ரத்தம், வலிப்பு, எதையாவது விழுங்கிவிட்டார், மயக்கம் என்றால் 108. ஆபத்து இல்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 14416. இது டெலி மானஸ், அதாவது அரசின் தொலைபேசி மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.

போலீஸுக்கு அடிக்கும்போது "என் பையன் கலாட்டா பண்றான்" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் வருகிறவர்கள் கலாட்டாவை அடக்கத்தான் வருவார்கள். முதல் வாக்கியத்திலேயே நோயைச் சொல்லுங்கள்: "என் மகனுக்கு மனநோய், சிகிச்சையில் இருக்கிறான், மூன்று வாரமாக மாத்திரை எடுக்கவில்லை, இப்போது கையில் அரிவாள்மனை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்." எத்தனை பேர் வீட்டில் இருக்கிறீர்கள், குழந்தைகள் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"இது மென்டல் கேஸு, போலீஸ் வந்தாத்தான் ஏத்துவோம்"னு ஆம்புலன்ஸ்ல சொல்றாங்க. அது சரியா?

கையில் கத்தியோடு நிற்கிற ஒருவர் பக்கத்தில் போலீஸ் இல்லாமல் போக அவர்கள் பயப்படுவது நியாயம். நானே அப்படித்தான் பயப்படுவேன். ஆனால் சும்மா உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறவரை, மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறவரை ஏற்ற மறுப்பது சரியில்லை. உடல் நோயாளிக்கு ஆம்புலன்ஸ் எப்படி, எந்தத் தரத்தில் கிடைக்கிறதோ, மனநோயாளிக்கும் அப்படியே கிடைக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-வது பிரிவு ஆம்புலன்ஸ் என்ற சொல்லையே போட்டுச் சொல்கிறது. இதைச் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லிப் பாருங்கள். பல தடவை வேலை செய்திருக்கிறது.

ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா லாக்கப்ல போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இதில் சட்டம் ஒரு விதிவிலக்குக்கூட வைக்கவில்லை. பாதுகாப்பில் எடுத்தவரை முடிந்தவரை சீக்கிரம், எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் கூட்டிப்போகிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். அவருக்குப் புரிகிற நிலை இல்லையென்றால் அவருடைய நியமனப் பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும் (இவர் யார் என்பது பின்னால் வருகிறது).

"24 மணி நேரம் டைம் இருக்குல்ல" என்கிற பேச்சு அடிக்கடி காதில் விழும். அது கடைசி எல்லை. அதுவரை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. 2019-ல் என் தம்பியை ஒரு ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். லாக்கப்பில் வைக்கவில்லை, அதுவரை சரி. ஆனால் மைக் சத்தம், லைட், வந்து போகிறவர்கள் எல்லாம் அவனையே பார்ப்பது என்று விடிவதற்குள் அவன் இன்னும் மோசமாகிவிட்டான். ஜி.எச். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கே காஷுவாலிட்டி ராத்திரியும் திறந்திருக்கும் என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "சார், ஸ்டேஷன் வேண்டாம், இங்கிருந்தே ஜி.எச். போயிடலாம்."

கோர்ட் ஆர்டர் இல்லாம ஆஸ்பத்திரில சேர்க்க மாட்டாங்களாமே?

இது பழைய ஞாபகம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போலீஸ் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் போய்விட்டது. இன்னும் சில ஸ்டேஷன்களிலும் சில ஆஸ்பத்திரிகளிலும் வாய்ப்பழக்கமாக அதையே சொல்கிறார்கள். இப்போது போலீஸ் நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நீங்களாகவே கூட்டிப்போனால் போலீஸ் மெமோவும் வேண்டாம். "மனநல டாக்டர் காலையில்தான் வருவார்" என்றாலும் அப்படியே திரும்ப வேண்டியதில்லை. உயிராபத்தோ பெரிய தீங்கோ நேரக்கூடும் என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை கொடுக்கலாம் என்கிறது 94-வது பிரிவு. பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதம் கேட்க வேண்டும். அந்தச் சிகிச்சைக்கு எல்லை 72 மணி நேரம். அதற்குள் மனநல மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டால் அதோடு முடிந்தது. அங்கே கூட்டிப்போவதும் அவசர சிகிச்சையின் பகுதிதான். மின் அதிர்வுச் சிகிச்சையை மட்டும் இந்த அவசரப் பிரிவின் பேரில் கொடுக்க முடியாது.

நியமனப் பிரதிநிதின்னா யாரு? வக்கீலா?

இல்லை. நோயாளி தனக்காகப் பேசுவதற்குத் தானே தேர்ந்தெடுத்த 18 வயது நிரம்பிய ஒருவர். அக்கா, மனைவி, நண்பர், யாராகவும் இருக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பிரதிநிதிக்குச் சம்மதம் இருக்க வேண்டும். யாரையும் எழுதி வைக்கவில்லை என்றால் உறவினர், அப்புறம் பராமரிப்பவர் என்று சட்டமே வரிசை வைத்திருக்கிறது.

அவர் தெளிவாக இருக்கிற ஒரு நாளில் இந்தத் தாளை எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தில் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலர் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அடுத்த நெருக்கடியில் ஆஸ்பத்திரி வாசலில் மாமாவும் மச்சானும் "நான்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று நிற்கிறார்கள்.

போலீஸ் கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிடுமா? அவன் டி.என்.பி.எஸ்.சி. எழுதிட்டு இருக்கான்.

ஆகாது. பாதுகாப்பில் எடுப்பது வேறு, கைது வேறு. அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, அதனால் குற்ற வழக்கும் இல்லை. இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதை அவருக்குச் சொல்வதும் போலீஸ், மருத்துவர் இருவரின் கடமை. அந்த உதவிக்கு எண் 15100.

தங்கச்சி சாகறதுக்கு முயற்சி பண்ணிட்டா. ஆஸ்பத்திரில சேர்த்தா போலீஸுக்குச் சொல்லிடுவாங்கன்னு வீட்டுல வச்சிருக்கோம்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒரு நிலை என்றால், இங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பார்க்க நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், சில பொருள்களின் பாதிப்பு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகும், அது உண்மை. ஒருவர் வந்து என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஆனால் வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவர் மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று 115-வது பிரிவு சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் 2024 ஜூலை 1-ல் புதிய தண்டனைச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தபோது போய்விட்டது. புதியதில் இருப்பது 226-வது பிரிவு: ஓர் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது. வீட்டில் மனம் உடைந்து செய்ததற்கு அது பொருந்தாது. கேட்க வருகிற காவலரிடம், அவள் தெளிந்தபிறகு பேசலாமா, பெண் காவலர் வர முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அவர் குடியை விட்டு 3 நாள் ஆச்சு. இப்ப செவுத்துல பூச்சி ஓடுதுங்கிறார், யாரோ அடிக்க வர்றாங்கன்னு தெருவுல ஓடறார். போலீஸைக் கூப்பிடவா?

108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், இல்லாததைக் காண்பது, வலிப்பு எல்லாம் வரலாம். உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம் இது. "போதை தெளியட்டும்" என்று ஸ்டேஷனிலோ வீட்டிலோ படுக்க வைத்தால் ஆளை இழந்துவிடுவோம். ஓடுகிறவரைப் பிடிக்க போலீஸ் உதவி தேவைப்பட்டால் "குடியை நிறுத்தி மூன்று நாள்" என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். குடி, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பும் சட்டத்தின்படி மனநோய்தான், ஆகவே இதுவரை சொன்ன உரிமை எல்லாம் இவருக்கும் உண்டு.

இதே போல, மனநோயே இல்லாத ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், மூளைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். ஸ்டேஷனில் வைத்து எந்த அதிகாரியாலும் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. மருத்துவப் பரிசோதனைதான் முதலில் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள நாங்க என்ன பண்ணணும்?

கத்தி, கண்ணாடி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். வாசல் பக்கம் நீங்கள் நில்லுங்கள், மூலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பேசுவது ஒரே ஒருவராக இருக்கட்டும். "அப்படி யாரும் உன்னைப் பேசலை" என்று வாதாடவும் வேண்டாம், "ஆமா, எனக்கும் கேக்குது" என்று ஒத்துப்போகவும் வேண்டாம். "உனக்கு பயமா இருக்கு, தெரியுது. நான் இங்கேதான் இருக்கேன்" என்பது போதும். அக்கம்பக்கத்தாரை உள்ளே விடாதீர்கள்.

வருகிறவர்களிடம் தெருமுனையிலேயே சைரனை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் ஒருவர் மட்டும், முடிந்தால் சாதா உடையில், உள்ளே வரட்டும். இரண்டாவது தடவை என் தம்பிக்காக வந்த ஏட்டு தொப்பியைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு வந்தார். கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து "சாப்டியாப்பா?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் அவன் தன் காலால் நடந்துபோய் வண்டியில் ஏறினான்.

நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர், கடைசியாக ஊசி போட்ட தேதி, ஒவ்வாமை, மருத்துவர் எண், எதைச் சொன்னால் அடங்குவார், எதைச் சொன்னால் மிரளுவார் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போலீஸிடம், ஒன்று காஷுவாலிட்டி டாக்டரிடம். இரண்டு துறைக்கும் நடுவில் தகவல் தொலைந்துபோவதுதான் நான் பார்த்த பெரிய சிக்கல். போலீஸுக்குத் தெரிந்தது டாக்டருக்குப் போவதில்லை, டாக்டர் சொன்னது ஸ்டேஷனுக்குத் திரும்புவதில்லை. அந்தத் தாள் அதைக் கொஞ்சம் குறைக்கிறது.

கட்டித்தான் தூக்கணும், மறுவாழ்வு மையத்துல இருந்து நாலு பேர் வேன்ல வருவாங்கன்னு சொல்றாங்க. பண்ணலாமா?

வேண்டாம். அந்த நாலு பேருக்கு ஒருவரைப் பிடித்துக் கட்டித் தூக்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. மையம் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். பதிவில்லாமல் மனநல நிலையம் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை அபராதம் உண்டு.

சங்கிலி எந்த வடிவிலும் கூடாது, அது நேரடித் தடை. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்துபோனார்கள். அதை எங்கள் கூட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மருத்துவமனைக்குள் உடலைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தால்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும்தான்.

போலீஸ்தான் கொண்டு போனாங்க. டாக்டர் பார்த்துட்டு "அட்மிஷன் தேவையில்லை"ன்னு அனுப்பிட்டார். இப்ப?

முதலில் நடைமுறை. அப்படி முடிவெடுத்தால் டாக்டர் அதைப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், போலீஸ் அவரை வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். வாசலில் விட்டுப்போக முடியாது.

அப்புறம் காரணம். விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதற்கு 89-வது பிரிவு கேட்பது மூன்றில் ஒன்று: சமீபத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டார் அல்லது மிரட்டினார், சமீபத்தில் அடுத்தவரைத் தாக்கினார் அல்லது பயமுறுத்தினார், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தனக்கே ஆபத்தாகிவிட்டார். நோய் கடுமையாக இருந்து இவற்றில் ஒன்று இருந்தால், பிரதிநிதி எழுதிக் கேட்டு, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை சேர்க்கலாம். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நம் ஆள் அமைதியாகிவிடுவார். டாக்டர் பார்ப்பது அந்த அமைதியைத்தான். "ரொம்பத் தொந்தரவு டாக்டர்" என்று சொல்லாமல், "திங்கள்கிழமை அம்மா கழுத்தைப் பிடித்தான், செவ்வாய் முதல் சாப்பிடவில்லை" என்று நாளோடு சொல்லுங்கள். கூட வந்த காவலர் கண்ணால் பார்த்ததையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

எங்க தெரு பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா மாசக்கணக்கா இருக்காங்க, தானா பேசிக்கறாங்க. யார்கிட்ட சொல்றது?

முதல் பதிலில் சொன்ன இரண்டு நிலைமைகளில் இது முதலாவது. ஸ்டேஷனில் சொல்லுங்கள். சென்னையில் மாநகரக் காவல்துறை 2021-ல் தொடங்கிய "காவல் கரங்கள்" தெருவில் தவிப்பவர்களை மீட்டு, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து சிகிச்சைக்கும் காப்பகத்துக்கும் சேர்க்கிறது. மாவட்டங்கள் சிலவற்றில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. இதெல்லாம் காவல்துறையும் சுகாதாரத்துறையும் ஒன்றாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன் இருக்கிற சாட்சி. கூட்டத்துக்கு வரும் ஒரு அம்மா இப்படி மீட்கப்பட்டவர்தான்.

இவர்களுக்காக ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவாகும். "ஐயோ, பாவம் மேல கேஸா" என்று பதற வேண்டாம். அது காணாமல் போனவர் என்ற பதிவு. குடும்பத்தைத் தேடிச் சொல்லும் கடமை அதிலிருந்துதான் ஸ்டேஷனுக்கு வருகிறது.

பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணை ரூம்ல பூட்டியே வச்சிருக்காங்க. நான் தலையிட்டா சண்டை வரும்.

மனநோய் உள்ள ஒருவரை வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள், கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் ஸ்டேஷனில் சொல்வது யாருக்கும் கடமை (101-வது பிரிவு). அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் பரிசோதனைக்காக 10 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிடலாம். கோர்ட் உண்மையாகவே வருகிற இடம் இது.

பூட்டி வைப்பவர்களும் பெரும்பாலும் வழி தெரியாமல் களைத்துப்போனவர்கள். முடிந்தால் முதலில் அவர்களிடம் 14416-ஐச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்.

போலீஸ்காரர் ஒருத்தர் வீடியோ எடுத்தார். வாட்ஸ்ஆப்புல போட்டுட்டா?

நிறுத்தச் சொல்லலாம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 24-வது பிரிவு. பெரும்பாலும் எடுப்பவர்கள் தெருவில் நிற்கிறவர்கள்தான். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லும்படி போலீஸிடமே கேளுங்கள்.

அவன் கடைக்காரரை அடிச்சுட்டான், மண்டை உடைஞ்சிடுச்சு. இப்ப நிஜமாவே கேஸ். "மனநோய்"னு சொன்னா விட்டுடுவாங்களா?

ஸ்டேஷனில் அதை முடிவு செய்ய முடியாது. செய்யும்போது தன் செயல் என்ன, அது தப்பு என்று அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதை நீதிமன்றம்தான் பார்க்கும் (பாரதிய நியாய சன்ஹிதா, 22-வது பிரிவு). நோய் இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஆனால் காவலில் இருந்தாலும் சிகிச்சைக்கான உரிமை போகாது. சிகிச்சை ஆவணங்களை அன்றைக்கே அதிகாரியிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள், மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், 15100-ஐக் கூப்பிட்டு வக்கீல் கேளுங்கள். அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள். அவருக்கும் வலிக்கிறது.

வெளிநாட்டுல போலீஸோட நர்ஸும் சேர்ந்து வருவாங்களாமே?

சில ஊர்களில் உண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-ல் மனநோயால் அவதிப்பட்ட ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டே அங்கே தேர்ந்தெடுத்த காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி தொடங்கினார்கள், பின்னர் அது பல நகரங்களுக்குப் பரவியது. இங்கிலாந்தில் சில பகுதிகளில் காவலரும் மனநலச் செவிலியரும் ஒரே வண்டியில் போகிறார்கள்.

நம் சட்டத்தில் அப்படி ஒரு கூட்டுக் குழு பற்றித் தனிப் பிரிவு இல்லை. போலீஸ் உள்ளிட்ட அதிகாரிகளுக்கு அவ்வப்போது பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 30-வது பிரிவு அரசிடம் சொல்கிறது. அந்தப் பயிற்சி இன்ஸ்பெக்டரோடு நின்றுவிடாமல், ராத்திரி ரோந்து வருகிற காவலர் வரை போக வேண்டும் என்பது என் ஆசை. வாசலுக்கு வந்து நிற்கிறவர் அவர்தான்.

இப்ப நல்லா இருக்கான். ஸ்டேஷன்ல போய்ச் சொல்லி வைக்கணுமா, இல்ல வீண் வம்பா?

அவன் சம்மதித்தால் சொல்லி வையுங்கள். அவனைக் கேட்காமல் செய்யாதீர்கள், அது அவன் நோய், அவன் ரகசியம். என் தம்பியைக் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றான். ஆறு மாதம் கழித்து அவனே "அந்த ஏட்டு சார்கிட்ட மட்டும்" என்றான். சாயங்கால நேரம், இரண்டு பேரும் போனோம். நான் நோய், மாத்திரை விவரம் எழுதிய அந்தத் தாளின் ஒரு நகலைக் கொடுத்தேன், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எங்கள் ஜி.எச்.சுக்கு வருகிற கிழமையையும் அதில் எழுதியிருந்தேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் டீ சொன்னார். போன வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் புதிதாக வந்தவரைப் பைக்கில் உட்கார வைத்து எங்கள் தெருவுக்குக் கூட்டிவந்து, வீட்டைக் காட்டிவிட்டுப் போனார்.